வெல்லம் வந்தால் எடுக்க வேண்டியவை

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். சின்னவர்கள் படித்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நம் வயதுக்காரர்களிடம் மட்டும் சொல்லக்கூடிய விஷயம் இது.

போன வாரம் என் மகன் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் போட்டான். திருப்பதியில் இப்போதெல்லாம் நாலு நாள் சேர்ந்தாற்போல மழை பெய்தால் எங்கள் தெரு குளமாகிவிடுகிறது. நாங்கள் இருப்பது கீழ்வீடு. தண்ணீர் உள்ளே வந்தால் யார் எதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறவேண்டும் என்று வரிசை போட்டு எழுதியிருந்தான். மகன்: பத்திரங்கள், லேப்டாப். மருமகள்: நகை, பவர் பேங்க், டார்ச். பேத்தி: பூனை. அம்மா: மாத்திரை டப்பா. எடுத்த எடுப்பில் என் பெயரைத்தான் தேடினேன். மாத்திரை டப்பாவுக்கு நேராக இருந்தது. சரி என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

இதே மாதிரி ஒரு பட்டியலை ஒன்பது வயதில் நானே என் கையால் எழுதியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சரியாகச் சொல்வேனா என்று தெரியாது. அந்த மழைக்காலத்தில் யார் என்ன சொன்னார்கள், யார் காதில் என்ன விழுந்தது என்பதில் எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான்.

அப்போது நாங்கள் சித்தூரில் இருந்தோம். நீவா ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. ஆறு என்று பெயரே தவிர, வருஷத்தில் முக்கால்வாசி நாள் அதில் மணலும் துவைக்கிற கல்லும்தான். அப்பாவை நைனா என்போம். அவருக்கு வெல்ல மண்டியில் எடை போடுகிற வேலை. வீட்டில் அம்மா, பதினாலு வயது அண்ணன், நான், அப்புறம் அத்தை. அத்தை நைனாவுக்கு மூத்தவள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காலும் சூம்பிப்போய்விட்டன. சாக்குத் துணியை ஏழெட்டு மடிப்பாகத் தைத்த ஒரு மெத்தை வைத்திருப்பாள். அதில் உட்கார்ந்து, கைகளைத் தரையில் ஊன்றி, வீடு முழுக்க நகர்வாள். அவள் உள்ளங்கை நைனாவுடையதைவிடக் கெட்டி.

அத்தையிடம் ஒரு கை மெஷின் இருந்தது. காலால் மிதிக்கிற மெஷின் அவளுக்கு ஆகாது. ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு கையால் துணியைத் தள்ளுவாள். தெருவில் பாதிப் பேர் போட்டிருந்தது அவள் தைத்த ரவிக்கைதான். அவள் பக்கத்தில் போனால் மெஷின் எண்ணெய் வாசனையும், துணியில் கோடு போடுகிற சுண்ணாம்புக் கட்டி வாசனையும் சேர்ந்து வரும். எங்கேயாவது பழைய தையற்கடைக்குள் நுழைந்தால் இப்போதும் எனக்கு அத்தை ஞாபகம் வரும்.

நாங்கள் நகரிப் பக்கத்துத் தமிழர்கள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது. தமிழை எழுதவேண்டுமென்றால் தெலுங்கு எழுத்தில்தான் எழுதுவேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ள வராது. பள்ளி என்றாலும் பல்லி என்றாலும் ஒரே சத்தம்தான். இடத்தைப் பார்த்து அர்த்தம் பண்ணிக்கொள்வோம்.

அந்தக் கார்த்திகை மாதம் திருச்சானூர் உற்சவத்துக்காக மண்டி முதலாளி லாரியில் வெல்லம் அனுப்பி, கூடவே நைனாவையும் அனுப்பியிருந்தார். அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினாள், சீயக்காய் வாங்கவோ எதற்கோ. கடைக்காரர் வீட்டில்தான் தெருவுக்கே ஒரு போன். அவர் அப்போதுதான் போனைக் கீழே வைத்திருந்தார்.

“பாப்பா, மீ நாயன போனு. எல்லுண்டி பெல்லம் வஸ்தா உந்தன்ட்ட. சாமான்லன்னி பைன பெட்டி இல்லு காலி சேயமன்னாடு. தானு கூடா வஸ்தாடட” என்றார்.

தெலுங்கில் பெல்லம் என்றால் வெல்லம். எல்லுண்டி என்றால் நாளை மறுநாள். விஷயம் இவ்வளவுதான்: மண்டிக் கிடங்கு ஒழுகுகிறது, திருச்சானூரில் விற்காமல் மிஞ்சிய வெல்லத்தைக் கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் இறக்கப் போகிறார்கள், அதற்கு இடம் வேண்டும். இது எனக்கு இப்போது தெரியும். அப்போது நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னது இது.

“அம்மா, நாளன்னிக்கு வெல்லம் வருதாம். சாமானெல்லாம் மேல தூக்கி வச்சிட்டு வூட்டக் காலி பண்ணச் சொன்னாரு நைனா. அவுரும் கூடவே வராராம்.”

அம்மா கையிலிருந்த முறம் அப்படியே நின்றது. வெளியே மூன்றாவது நாளாக மழை. “இன்னாடி சொல்ற? வெள்ளமா? ஐயையோ, வெள்ளத்துலயா வராரு உங்க நைனா!” என்று கத்தினாள்.

நான் ‘இல்லை, தின்கிற வெல்லம்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். கடையில் கேட்டபோது என் மனசில் இருந்தது வெல்லம்தான். அம்மா முகத்தைப் பார்த்த பிறகு, நான் கேட்டதே வெள்ளம்தான் என்று எனக்கும் ஆகிவிட்டது. கடைக்காரரைப் போய்க் கேட்கலாம் என்றால் அவர் சரக்கெடுக்க வேலூர் பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த ஒன்றரை நாள் எங்கள் வீடு பட்ட பாட்டை என்னவென்று சொல்வது. கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினோம். அரிசியை டின்னில் கொட்டி, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றினாள் அம்மா. தீப்பெட்டிகளைப் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி, பித்தளைத் தூக்கில் போட்டு, அந்தத் தூக்கை மறுபடியும் ஒரு காகிதத்தில் சுற்றினாள். கோடையில் மாம்பழக் கூழைப் பாயில் தடவிக் காயவைத்த தாண்ட்ரா ஒரு சுருள் இருந்தது. அதைத் துண்டு போட்டு ஆளுக்கொரு பொட்டலம் கட்டினாள். “இத வச்சிக்கினா மூணு நாளு தாங்கும்” என்றாள். நான் என் பொட்டலத்தை அன்று சாயந்திரமே தின்றுவிட்டேன். அண்ணன் கிணற்றுக் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டான். எதற்கு என்று கேட்டால் அவனுக்கே தெரியவில்லை.

எங்களைப் பார்த்துத் தெருவும் மூட்டை கட்ட ஆரம்பித்தது. தெருவிலேயே மாடி இருந்தது பக்கத்து வீட்டுக்குத்தான். வெளிப்பக்கமாக ஏறுகிற பதினெட்டுப் படி, கைப்பிடிச் சுவர் கிடையாது. மாடி வீட்டு அம்மா நல்ல மாதிரி. எல்லோரும் வரலாம் என்று சொல்லிவிட்டார்.

நைனா சொன்ன அந்த நாள் காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டு, நோட்டிலிருந்து ஒரு தாள் கிழிக்கச் சொன்னாள். “தண்ணி வந்துச்சின்னா ஆளுக்கொரு பக்கம் முழிச்சிக்கினு நிக்கக் கூடாது. நான் சொல்றத எழுது” என்றாள். தலைப்பிலிருந்து ஆரம்பித்தாள். நான் தெலுங்கு எழுத்தில் எழுதினேன். நைனா: மெஷின், அரிசி டின். அம்மா: பத்திரப் பெட்டி, குத்துவிளக்கு. அண்ணன்: ஆடு, கயிறு. பாப்பா: கடிகாரம். பாப்பா நான்தான். கடிகாரம் என்பது சுவரில் மாட்டியிருந்த, வாரத்துக்கு ஒருதரம் சாவி கொடுக்கிற கடிகாரம். சோற்றுப் பருக்கையைத் தேய்த்து, தாளைக் கதவுக்குப் பின்னால் ஒட்டினோம். அம்மா என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

அத்தை ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, தலை நிமிராமலே கேட்டாள்.

“நான் யாரு பங்கு?”

அம்மா சிரித்தாள். “இன்னா அண்ணி நீங்க! உங்கள வுட்டுட்டா போயிடுவோம்? உங்கள எழுதி வேற வெக்கணுமா?”

“நைனா தூக்கிக்குவாரு” என்றான் அண்ணன்.

“அவன் ஒரு கையில மெஷினு, ஒரு கையில அரிசி டின்னு. எந்தக் கையால என்னத் தூக்குவான்?” என்றாள் அத்தை. அவளும் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

அம்மாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “எழுதுடி, கடைசியில எழுது, அத்தைன்னு போடு” என்றாள். நான் கதவோரம் எம்பி நின்று, ‘அத்தை’ என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தேன். அதற்கு நேரே யார் பெயரைப் போடுவது என்று அம்மா யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் மாட்டு மணிச் சத்தம். தார்ப்பாய் போட்டு மூடிய இரண்டு வண்டி. முதல் வண்டியிலிருந்து நைனா குதித்தார்.

வெள்ளம் எங்கே என்று நாங்களும், இடம் எங்கே என்று அவரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டோம். கட்டில் செங்கல்மேல் நிற்கிறது, ஆடு நடுவீட்டில் நிற்கிறது. நைனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். எழுத்துக்கூட்டித் தலைப்பைப் படித்தார். என் தெலுங்கு எழுத்தில் அது வெல்லம்தான், லகரம் போட்ட வெல்லம்.

“‘வெல்லம் வந்தா எடுக்க வேண்டியது.’ ஏம்மே, வெல்லம் வந்தா எதுக்கு ஆட்ட இஸ்துக்கினு மாடி ஏர்றீங்க?” என்று கேட்டவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்படி ஒரு சிரிப்பு.

அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். “நீ இன்னாடி சொன்ன எங்கிட்ட?”

“வெல்லம்னுதாம்மா சொன்னேன்.”

“நானும் வெள்ளம்னுதானடி கேட்டேன்!”

இரண்டு பேர் வாயிலிருந்தும் வந்தது ஒரே சத்தம். அதற்கு மேல் யாராலும் அந்த வழக்கைத் தீர்க்க முடியவில்லை. முதுகில் இரண்டு வைத்தாள். வண்டியிலிருந்து வெல்ல மூட்டைகள் இறங்கின.

அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் நாங்கள் வெல்லத்துக்கு நடுவில் படுத்து எழுந்தோம். வீடெல்லாம் பாகு வாசனை. எறும்பு காதுக்குள் போனது. மழை ஈரத்தில் வெல்லம் கசிந்து, நடந்தால் பாதம் தரையை விட்டு வரமாட்டேன் என்றது. தெருவில் யாரைப் பார்த்தாலும் “இன்னா, வெல்லம் வடிஞ்சிச்சா?” என்று ஒரு கேலி. நைனா வருகிறவர்கள் போகிறவர்களையெல்லாம் கதவுக்குப் பின்னால் இழுத்துப்போய்ப் பட்டியலைப் படித்துக் காட்டுவார். தலைப்பில் ஆரம்பித்து, ‘பாப்பா: கடிகாரம்’ வரைக்கும் வருவார். அதற்குள் எல்லோரும் சிரித்து முடித்திருப்பார்கள். கடைசி வரியை அவர் ஒருநாளும் படித்ததில்லை. வேண்டுமென்றே விட்டாரா, கண்ணில் படவில்லையா என்று எனக்குத் தெரியாது.

அத்தையும் சிரித்தாள். ஆனால் வெல்லம் இறங்கிய மறுநாள் மத்தியானம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், “பாப்பா, வா, மாடி வூட்டம்மாவுக்கு ரவிக்க அளவு எடுக்கணும்” என்றாள். பக்கத்து வீட்டுப் படிக்கட்டுக்குப் போனதும் படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இரண்டு கையையும் பின்னால் மேல்படியில் ஊன்றி உடம்பைத் தூக்கினாள். “எண்ணு” என்றாள். நான் ஒகட்டி, ரெண்டு, மூடு என்று தெலுங்கில் எண்ணினேன். முதல் நாள் நாலு. நாலாவது படியில் முந்தானையை வாயில் கவ்வி அழுத்தி, மூச்சு வாங்கினாள். “யாருக்கும் சொல்லாத” என்றாள். நான் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன். தினமும் போனோம். ஏழு, பத்து, பதிமூன்று. ஒருநாள் பதினெட்டும் ஏறி, ஈர மாடியில் கையை விரித்துப் படுத்துச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து உண்மையாகவே வந்தது.

காலை நேரம். இரண்டு நாள் விடாத மழையில் பள்ளிக்கூடம் இல்லை. நைனா மீதி மூட்டைகளை மண்டிக்குத் திருப்ப வண்டிக்காகக் காத்திருந்தார். பால்காரர் சைக்கிளை மிதித்துக்கொண்டு, “வெள்ளம் வருது, வெள்ளம் வருது! மேல ஏரி ஒடஞ்சிடுச்சாம்!” என்று கத்திக்கொண்டே போனார். தெருவே சிரித்தது. “எத்தன மூட்ட?” என்று அண்ணன் குரல் கொடுத்தான். நைனா சிரித்த சிரிப்பில் பீடிப் புகை புரையேறியது.

அத்தை மட்டும் மெஷினை நிறுத்தினாள். தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “தம்பி, ஏரின்றான்பா” என்றாள். நைனா கையை ஆட்டினார். அப்புறம் என்னைப் பார்த்தாள். “பாப்பா, வரியா?”

நான் முக்காலிமேல் ஏறி நின்றிருந்தேன். அன்று கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற நாள். “இரு அத்தை” என்றேன். அவள் இருக்கவில்லை. தூறலில், சாக்கு மெத்தையோடு வாசல் தாண்டி நகர்ந்து போனதைப் பார்த்தேன். பார்த்தவள் நான் ஒருத்திதான். ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் யாருக்கும் சொல்லக் கூடாது என்றுதான் பேச்சு.

கொஞ்ச நேரத்தில் சாக்கடைத் தண்ணீர் திரும்பி வீட்டுப் பக்கம் ஓடிவந்தது. அப்புறம் லாரியில் மணல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே. பட்டியலைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அத்தனை நாள் சிரித்துச் சிரித்துப் படித்ததில் எல்லோருக்கும் மனப்பாடம். நைனா மெஷினைத் தோளில் ஏற்றி டின்னைக் கையில் பிடித்தார். அம்மா பெட்டியும் விளக்கும். அண்ணன் ஆடும் கயிறும். நான் கடிகாரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். முழங்காலுக்கு மேல் சேறும் குப்பையுமான தண்ணீரில் நடந்து பக்கத்து வீட்டுப் படி ஏறி, மாடிக்கு வந்து, மழையில் நின்று ஒருவரையொருவர் பார்த்தோம்.

“எல்லாம் வந்திடுச்சா?” என்றாள் அம்மா.

“வந்திடுச்சி” என்றார் நைனா.

அதன் பிறகு யாரோ அத்தை எங்கே என்று கேட்டார்கள். தான்தான் கேட்டேன் என்று நைனா சொல்வார். இல்லை, நான் என்பாள் அம்மா. அண்ணனும் தான்தான் என்பான். நான் கேட்கவில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த நேரத்தில் எனக்கு அத்தை நினைவே இல்லை. படி எண்ணினவள் நான், அவள் போனதைப் பார்த்தவளும் நான். கடிகாரத்துக்குள் தண்ணீர் போயிருக்குமோ என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நைனா மெஷினைத் தொப்பென்று வைத்துவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடினார். கீழே தண்ணீர் எங்கள் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. “அக்கா!” என்று அலறினார்.

“எறங்காதடா தம்பி. நான் இங்கதான் கீறேன்.”

மாடி மூலையில் விறகு அடுக்குகிற தகரக் கொட்டகைக்குள்ளிருந்து வந்தது குரல். அத்தை சாக்கு மெத்தைமேல் உட்கார்ந்திருந்தாள். தலை நனைந்திருந்தது. உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன. மடியில் அந்தப் பாதி ரவிக்கை.

நைனா அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து, குழந்தை மாதிரி அழுதார். “ரெண்டாந்தபா ஒன்னத் தூக்கத்தான்க்கா வர இருந்தேன். சத்தியமா.”

“தெரியும்பா” என்றாள் அத்தை. “மெஷினு நனஞ்சிச்சா பாரு. நனஞ்சிருந்தா தொடச்சி வையி.”

தண்ணீர் வடிய ஒரு நாளாயிற்று. மிச்சமிருந்த வெல்லமெல்லாம் கரைந்துபோய், வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்கு இனிக்கிற சேறு. கதவிலிருந்த தாள் போன இடம் தெரியவில்லை. கடிகாரம் அப்புறம் ஓடவே இல்லை.

சில மாதம் கழித்து அத்தை திருச்சானூருக்குப் போய்த் தனியாக அறை எடுத்துக்கொண்டாள். அங்கே லாட்ஜுகளுக்குத் தலையணை உறை தைக்கிற வேலை கிடைத்தது. கீழ் அறை காலியாக இருந்தும் மாடி அறையைத்தான் கேட்டாள். “கீழயே எடுத்துக்கோக்கா, ஏன் கஷ்டப்பட்ற” என்று நைனா எவ்வளவோ கெஞ்சினார். “மாடியே இருக்கட்டும்பா” என்றாள். நைனா மாதம் தவறாமல் போய்ப் பார்ப்பார். போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு பேச்சில் அந்த ‘ரெண்டாந்தபா’வைக் கொண்டுவந்துவிடுவார். சாகிற வருஷம் வரைக்கும் சொன்னார். நான் அவரை நம்பினேன். சில நாள் நம்பவில்லை. அவர் நல்ல மனுஷர், அது எனக்குத் தெரியும். அது போதுமா என்பதில்தான் எனக்குத் தெளிவு வரவில்லை.

என் கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை ஷேர் ஆட்டோ பிடித்து அத்தையைப் பார்க்கப் போனபோது கேட்டேவிட்டேன். “அத்தை, நைனா நெஜமாவே திரும்பி வந்திருப்பாரா?”

அத்தை உறைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“வந்துதான் இருப்பான். அதுவரிக்கும் நான் இருக்கணுமே.”

அதில் கோபம் இல்லை. எனக்கு டீ வாங்கிவர ஆள் அனுப்பினாள்.

என் மகனும் நல்லவன்தான். பட்டியல் போட்ட அன்று ராத்திரிச் சாப்பாட்டில், சும்மா கேட்கிற மாதிரி, “நான் யாரு பங்குடா?” என்று கேட்டேன். “என்னம்மா நீ, உன்னத் தூக்கறத லிஸ்ட்ல வேற போடணுமா?” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் இரண்டு கையிலும் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், பட்டியலில் அவனே எழுதியிருக்கிறான்.

எங்கள் மொட்டை மாடிக்கு இருபத்திரண்டு படி, என் முட்டி நாலு படிக்கு மேல் தாங்காது. மத்தியானம் எல்லோரும் வெளியே போன பிறகு, படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையைப் பின்னால் ஊன்றி ஏறிப் பார்க்கிறேன். வாய் தானாக ஒகட்டி, ரெண்டு, மூடு என்று எண்ணுகிறது. நேற்று ஒன்பது வந்தேன். மகனிடம் சொல்லவில்லை.